உங்களுக்குத் தெரியுமா? வலைத்தளத்தின் பின்கட்டுச் சங்கதிகள்

● 1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் 10 நாளில் ஒரு கணினி மொழியை எழுதி முடித்தார். முதலில் அதற்கு மோக்கா என்று பெயர், பிறகு லைவ்ஸ்கிரிப்ட், டிசம்பரில் ஜாவாஸ்கிரிப்ட். அப்போது ஜாவாவுக்கு ஏக மவுசு. அதனால் ஒட்டிக்கொண்ட பெயர்தான். மற்றபடி இரண்டுக்கும் பங்காளி உறவுகூடக் கிடையாது. பெயரின் உரிமை ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனத்திடம் இருந்ததால், மொழியின் தர ஆவணம் 'எக்மாஸ்கிரிப்ட்' என்று வேறு பெயரில் வந்தது. சன்னை வாங்கிய ஆரக்கிளிடம் இன்று அந்த உரிமை இருக்கிறது.

● அந்த அவசரத்தின் தடயம் ஒன்று இன்னும் அழியவில்லை. ஜாவாஸ்கிரிப்டில் 'நல்' என்றால் அங்கே எதுவும் இல்லை என்று அர்த்தம். ஆனால் 'டைப்ஆஃப்' போட்டு அதன் வகையைக் கேட்டுப் பாருங்கள், 'ஆப்ஜெக்ட்' என்று பதில் வரும். முதல் வடிவத்தில் ஆப்ஜெக்ட் வகைக்கு அடையாள எண் 0. 'நல்'லோ நினைவகத்தில் முழுக்கப் பூஜ்யம். இரண்டும் ஒன்றாகத் தெரிந்துவிட்டது. திருத்திவிடலாம் என்று பின்னாளில் யோசனை வந்தது. திருத்தினால், இந்தத் தவறை நம்பி எழுதிய பழைய பக்கங்கள் படுத்துவிடும் என்று தெரிந்ததும் கைவிட்டார்கள். வலையில் ஏற்கெனவே ஓடுவதை உடைக்கக் கூடாது என்ற இந்த ஒரு கட்டுப்பாடுதான் கீழே வரும் சில கதைகளுக்குக் காரணம்.

● எந்தப் பக்கத்திலிருந்து வருகிறீர்கள் என்று பிரவுசர் சர்வருக்குச் சொல்லும் குறிப்பின் பெயர் 'ரெஃபரர்'. 1996இல் வெளியான எச்டிடிபி ஆவணத்தில் அந்த ஆங்கிலச் சொல்லில் ஓர் 'ஆர்' விட்டுப்போனது. இன்றுவரை எழுத்துப்பிழையோடுதான் எழுத வேண்டும். சரியாக எழுதினால் வேலை செய்யாது!

● குரோம், சஃபாரி, எட்ஜ் என்று எந்த பிரவுசராக இருந்தாலும், சர்வரிடம் தன்னை அறிமுகப்படுத்தும்போது முதலில் சொல்வது 'மொசில்லா'. அது நெட்ஸ்கேப்பின் உள்பெயர். தொண்ணூறுகளில் சில சர்வர்கள் அந்தப் பெயரைக் கேட்டால்தான் முழு வசதியுள்ள பக்கத்தை அனுப்பின. பந்தியில் இடம் கிடைக்க மற்றவர்களும் அந்த வீட்டுப் பெயரையே சொல்லி உள்ளே வந்தார்கள். நெட்ஸ்கேப் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடமாகியும் பெயர் போகவில்லை.

● 2016 மார்ச் 22. அஜர் கொச்சுலு என்ற புரோகிராமர் 'கிக்' என்று ஒரு பேக்கேஜ் வைத்திருந்தார். அதே பெயரில் இருந்த மெசேஜிங் நிறுவனம் அந்தப் பெயரைக் கேட்டது, அவர் மறுத்தார். ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியமான என்பிஎம், பெயரை நிறுவனத்தின் பக்கம் மாற்றிக் கொடுத்தது. அவருக்குக் கோபம். அங்கே வைத்திருந்த 250க்கும் மேற்பட்ட பேக்கேஜ்களை ஒட்டுமொத்தமாக நீக்கிவிட்டார்.

அவற்றில் ஒன்று 'லெஃப்ட்பேட்'. மொத்தமே 11 வரி. கொடுத்த எழுத்துகளுக்கு இடப்பக்கத்தில் இடைவெளியோ பூஜ்யமோ நிரப்பும். 7ஐ 007 ஆக்கும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அதை இன்னொரு பேக்கேஜ் நம்பியிருந்தது, அதை மற்றொன்று, இப்படியே போய், கோடை மாற்றித் தரும் பேபல் என்ற கருவி வரை. பேபல் இல்லாமல் அன்றைக்கு ரியாக்ட் லைப்ரரியில் பெரும்பாலும் வேலை நடக்காது. ஊர் ஊராக பில்டு நின்றது. லெஃப்ட்பேட் என்று ஒன்று இருப்பதே தெரியாதவர்கள்கூட அது காணவில்லை என்ற பிழைச்செய்தியைப் பார்த்து விழித்தார்கள். சில மணி நேரத்தில், ஆசிரியர் நீக்கியதை என்பிஎம் தானே மீட்டு வைத்தது. பிறகு, மற்றவர்கள் நம்பியிருக்கும் பேக்கேஜை நினைத்தவுடன் நீக்க முடியாதபடி விதியையும் மாற்றியது. 11 வரியை நாமே எழுதிக்கொண்டால் என்ன என்று கேட்பவர்கள் கட்சியில்தான் நானும் இருக்கிறேன். அடுத்த ஆண்டு 'பேட்ஸ்டார்ட்' என்ற பெயரில் அந்த வசதி மொழிக்குள்ளேயே வந்துவிட்டது.

● ஜாவாஸ்கிரிப்டில், பட்டியலுக்குள் பட்டியல் இருந்தால் பிரித்து ஒரே பட்டியலாக்கும் வசதிக்கு 'ஃபிளாட்டன்' என்று பெயர் வைக்கப் பார்த்தார்கள். 2018இல் ஃபயர்பாக்ஸின் சோதனைப் பதிப்பில் சேர்த்ததும் ஒரு பழைய தளம் உடைந்தது. மூடூல்ஸ் என்ற பழைய லைப்ரரி அதே பெயரில் தன் கருவியை முன்பே சொருகி வைத்திருந்ததுதான் காரணம். மாற்றுப் பெயராக ஒருவர் கிண்டலுக்கு 'ஸ்மூஷ்' என்று முன்மொழிய, நிஜமென்று நம்பிப் பலரும் சண்டைக்கு வந்தார்கள். கடைசியில் 'ஃபிளாட்' என்று முடிந்தது.

● ஜேக்வெரி செத்துவிட்டது என்று வருடா வருடம் யாராவது அறிவிக்கிறார்கள். 2006இல் ஜான் ரெசிக் வெளியிட்ட அந்த லைப்ரரி, வேர்ட்பிரஸ் கூடவே வருவதால், உலகத் தளங்களில் பாதிக்கு மேல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

● பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸை 2009இல் பெர்லினில் நடந்த மாநாட்டில் அறிமுகப்படுத்தியவர் ரயான் டால். 2018இல் அதே நகரில், அதே மாநாட்டு மேடையில் ஏறி, நோட் விஷயத்தில் தான் வருந்தும் 10 காரியங்களைப் பட்டியல் போட்டார். அதே உரையில் புதிய கருவி ஒன்றையும் அறிவித்தார். பெயர் டீனோ. ஆங்கிலத்தில் நோட் என்பதன் எழுத்துகளை இடம் மாற்றிப் போட்டது!

● வலைக்கருவிகள் எல்லாம் சிலிக்கான் பள்ளத்தாக்கில்தான் பிறக்கின்றன என்றில்லை. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் 'லாரன்ஸ் ஜர்னல் வேர்ல்ட்' என்ற உள்ளூர்ப் பத்திரிகையின் இணையப் பிரிவில் 2003இல் உருவானது ஜாங்கோ என்ற ஃபிரேம்வொர்க். 2005இல் பொதுவுக்கு வந்தது. 2016இல் ஸ்வெல்ட் என்ற ஃபிரேம்வொர்க்கை வெளியிட்ட ரிச் ஹாரிஸ், 'கார்டியன்' நாளிதழில் படங்களும் வரைபடங்களும் செய்துகொண்டிருந்தவர். மற்ற ஃபிரேம்வொர்க்குகள் வாசகரின் போனில் செய்யும் வேலையில் பெரும்பகுதியை ஸ்வெல்ட் முன்கூட்டியே கம்பைல் செய்து முடித்து அனுப்பும். தேர்தல் இரவில், மெதுவான நெட்வொர்க்கில் செய்தி படிக்கிறவரை மனதில் வைத்தவருக்குத்தான் இது தோன்றும். பத்திரிகைக்காரர்கள் கொஞ்சம் மார்தட்டிக்கொள்ளலாம்.

● 418: வலை சர்வர் அனுப்பக்கூடிய பிழை எண்களில் ஒன்று. 'நான் ஒரு டீபாட்' என்று பொருள். 1998 ஏப்ரல் 1 அன்று முட்டாள் தின வேடிக்கையாக வந்தது. 2017இல் நோட்.ஜேஎஸ்ஸிலிருந்து நீக்கக் கேட்டபோது எதிர்ப்பு கிளம்பி, நீக்காமலே விட்டார்கள். இப்போது அந்த எண்ணை வேறு எதற்கும் கொடுப்பதில்லை.

● வலைப்பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில் நிறத்தைப் பெயர் சொல்லியே போடலாம். ரெட், புளூ, டொமேட்டோ என்று நீளும் அந்தப் பட்டியலில் 'ரெபெக்காபர்ப்பிள்' என்று ஒன்று உண்டு, எண் 663399. சிஎஸ்எஸ் பற்றி எழுதி ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்தவர் எரிக் மேயர். அவர் மகள் ரெபெக்கா 2014 ஜூன் 7இல் மூளைப் புற்றுநோயால் இறந்தாள். அன்றுதான் அவளுக்கு ஆறாவது பிறந்தநாள். ஊதா அவளுக்குப் பிடித்த நிறம். அவள் நினைவாக 'பெக்காபர்ப்பிள்' என்று பெயரிடலாம் என்று வலையுலக நண்பர்கள் கேட்டபோது, மேயர் சம்மதித்து ஒரு திருத்தம் மட்டும் சொன்னார். பெக்கா என்பது குழந்தைப் பெயர், ஆறு வயதானதும் என்னை ரெபெக்கா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அவள் சொல்லி வைத்திருந்தாளாம். ஆறு வயதுக்காரியாக அவள் ஏறக்குறைய 12 மணி நேரம் இருந்தாள். ஆகவே ரெபெக்கா. அந்த ஜூன் மாதமே தரத்தில் சேர்த்தார்கள். இன்று எல்லா பிரவுசருக்கும் அந்த நிறம் தெரியும்.

● 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? நமக்கு 3. ஜாவாஸ்கிரிப்டில் 'லெங்த்' கேட்டால் 5. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோடில் உள்ளபடி தனித்தனியாக எண்ணும். சொல்லைப் புரட்டிப் போடச் சொன்னால் இன்னும் வேடிக்கை: புள்ளி முன்னால் வந்து அந்தரத்தில் தொங்கும், பின்னால் 'ழிமத' என்று வரும். படிவத்தில் 'பெயர் 20 எழுத்துக்குள்' என்று போட்டுவிட்டு, 12 எழுத்திலேயே தமிழ்ப் பெயரைத் திருப்பி அனுப்பும் தளங்களின் ரகசியம் இதுதான்.

'கொ' இன்னும் பொல்லாதது. அதை ககரத்தோடு ஒரே ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. 'நார்மலைஸ்' என்ற வசதி இரண்டையும் ஒன்றாக்கும். எழுத்தை நம்மைப்போல எண்ண 'செக்மென்டர்' என்றொரு வசதியும் வந்திருக்கிறது. குரோமில் 2020இலேயே வந்தது, ஃபயர்பாக்ஸில் 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தமிழில் படிவம் வைப்பவர்கள் இந்த இரண்டையும் போடாமல் விடுவதற்கு இனி சாக்கு இல்லை.

● டர்போ பாஸ்கல், டெல்ஃபி, சி ஷார்ப், டைப்ஸ்கிரிப்ட். நான்கின் பின்னாலும் இருப்பவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க். ஜாவாஸ்கிரிப்டோடு வகைச் சோதனையைச் சேர்த்த டைப்ஸ்கிரிப்டின் கம்பைலர் டைப்ஸ்கிரிப்டிலேயே எழுதப்பட்டது. 2025 மார்ச்சில் அதை கோ மொழிக்கு மாற்றுவதாக அறிவித்தார்கள். சுமார் 15 லட்சம் வரியுள்ள விஎஸ் கோடு எடிட்டரைச் சோதிக்கப் பழைய கம்பைலருக்கு 77.8 விநாடி ஆனது, புதியது 7.5 விநாடியில் முடித்தது.

● 2025 பிப்ரவரியில் ஏஐ ஆய்வாளர் ஆந்த்ரே கர்பாத்தி 'வைப் கோடிங்' என்ற பெயரைப் போட்டுவிட்டார். ஏஐயிடம் வேண்டியதைச் சொல்லி, அது எழுதியதைப் படிக்காமலே ஓடவிடுவதுதான் அது. அந்த ஆண்டின் சொல்லாகவே காலின்ஸ் அகராதி அதைத் தேர்ந்தெடுத்தது. ஏஐக்கு ஒரு பழக்கம் உண்டு: இல்லாத பேக்கேஜின் பெயரைக்கூட இருப்பதுபோலக் கூசாமல் எழுதித் தரும், அதுவும் அதே கற்பனைப் பெயரைப் பலரிடமும் சொல்லும். மோசடிக்காரர்கள் அப்பெயர்களைத் தெரிந்துகொண்டு, அதே பெயரில் விஷமக் கோடு அடங்கிய பேக்கேஜைக் களஞ்சியத்தில் முன்கூட்டியே ஏற்றி வைக்க முடியும். இதற்கு 'ஸ்லாப்ஸ்க்வாட்டிங்' என்று பெயர். லெஃப்ட்பேட் காலத்தில் பேக்கேஜ் காணாமல் போனதால் வேலை நின்றது. இப்போது, இருக்கவே கூடாத பேக்கேஜ் 'இன்ஸ்டால்' அடித்ததும் வந்து இறங்கிவிடலாம். அடிப்பதற்கு முன், அதை யார் ஏற்றினார்கள், எப்போது ஏற்றினார்கள் என்று என்பிஎம் பக்கத்தில் ஒரு நிமிடம் பார்த்துவிடுங்கள்.