சுவிச் பெட்டியைச் சுற்றி ஓட்டையா?

லயத்துக் காம்பராக்களில் சுவிச்சும் பிளக்கும் பதித்த இடத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்குப் பூச்சு உதிர்ந்திருக்கும். "சின்ன ஓட்டைதானே, இருந்துட்டுப் போகட்டும்" என்று காலண்டரை மாட்டி மறைத்துவிடுகிறோம். பல்லியும் கரப்பானும் அங்கே குடியேறுகின்றன. தவழும் பிள்ளையோ ஈர்க்கு, ஆணி என்று கையில் கிடைத்ததை உள்ளே விட்டுப் பார்க்கும். உள்ளே இருப்பது 230 வோல்ட்.

இதை அடைக்கும் வேலை பெரிதல்ல. சுவருக்குள் ஓடும் வயரைப் பற்றித்தான் கவனம் வேண்டும்.

மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். அது மட்டும் போதாது. லயத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்; பக்கத்துக் காம்பராவின் வயரும் அதற்குள்ளே போகலாம். உங்கள் மெயினை நிறுத்தினால் அதில் கரண்ட் நிற்காது. ஆகவே நடுச்சுவர் என்றால் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி அவர்கள் மெயினையும் நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு சோறு ஆக்கும் நேரம்தானே! தெரியாமல் யாரும் போட்டுவிடாதபடி மெயின் பக்கத்தில் பெரியவர் ஒருவர் நிற்கட்டும்.

ஓட்டைக்குள் கத்தி, கம்பி எதையும் விட்டுக் கிளற வேண்டாம். உதிரும் பூச்சை காய்ந்த மரக்குச்சியால் தட்டி, பழைய பிரஷால் தூசியை எடுங்கள். வயரின் தோல் வெடித்திருந்தாலோ, கருகியிருந்தாலோ, பெட்டியே ஆடினாலோ வேலையை அங்கேயே நிறுத்துங்கள். மெயினைப் போடாமல் எலெக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். அதை மூடிப் பூசினால் கோளாறு கண்ணுக்கு மறையும், போகாது. சுவர் மழையில் ஊறியிருந்தாலும் பூச்சு நிற்காது. முதலில் கூரைத் தகரத்தையும் லயத்துக்குப் பின்னாலுள்ள கானையும் பார்க்க வேண்டும்.

பழைய லயங்களில் பல கல்லும் மண்ணும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியவை. அங்கே கெட்டியான சீமெந்தை அப்பினால் இறுகியபின் பிய்த்துக்கொண்டு விழும். 1 டம்ளர் சீமெந்து, 1 டம்ளர் நீறிய சுண்ணாம்பு, 6 டம்ளர் சலித்த மணல் என்று கலந்தால் சுவரோடு ஒட்டும். சீமெந்துக் கல் சுவருக்கு 1 சீமெந்து, 4 மணல் போதும். கலவை கையை அரிக்கும், பொலித்தீன் பை மாட்டிக்கொள்ளுங்கள். சுவரில் தண்ணீர் அடிக்காமல், பிழிந்த ஈரத்துணியால் ஓரத்தை ஒற்றி எடுத்து, கரண்டியால் கலவையை அழுத்துங்கள். பெட்டிக்குள் ஒரு துளியும் போகக் கூடாது. ஓட்டை ஆழமென்றால் அரை அங்குலம் பூசி, மறுநாள் மிச்சத்தைப் பூசலாம். பேப்பரைத் திணித்து மேலே பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். பொறி பட்டால் முதலில் எரிவது அதுதான்.

வேலை முடிந்ததும் பக்கத்து வீட்டார் மெயினைப் போடலாம். உங்கள் வீட்டில் அன்று இரவு டோர்ச்தான். பூச்சு இறுகும்வரை கரண்ட் வேண்டாம். மழைக்காலத்தில் மலைப்பக்கம் கூடுதல் நாள் எடுக்கும். பிறகு மெயினைப் போட்டு, ட்ரிப் சுவிச்சில் உள்ள டெஸ்ட் பொத்தானை ஒரு தரம் அழுத்துங்கள். டப்பென்று விழ வேண்டும். விழாவிட்டால் அதை மாற்றும்வரை அந்தப் பிளக்கில் எதையும் குத்த வேண்டாம்.