தாராவிச் செய்தியை யாரிடம் கேட்பது?

2022 நவம்பர் 29. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கான ஒப்பந்தப் புள்ளிகள் அன்று மும்பையில் திறக்கப்பட்டன. 5,069 கோடி ரூபாய் குறிப்பிட்டிருந்த அதானி குழுமம், 2,025 கோடி குறிப்பிட்டிருந்த டி.எல்.எஃப். நிறுவனத்தை முந்தியது. அதே நாள் டெல்லியிலிருந்து இன்னொரு செய்தி. என்.டி.டி.வி.யைத் தொடங்கிய பிரணாய் ராயும் ராதிகா ராயும், அந்தத் தொலைக்காட்சியின் 29.18 சதவீதப் பங்கை வைத்திருந்த ஆர்.ஆர்.பி.ஆர். நிறுவனத்தின் இயக்குநர் குழுவிலிருந்து விலகினார்கள். மறுநாள் அதன் பிரபல செய்தியாளர் ரவீஷ் குமார் வெளியேறினார். டிசம்பர் முடிவதற்குள் என்.டி.டி.வி.யின் 64.71 சதவீதப் பங்கு அதானி குழுமத்தின் கைக்கு வந்துவிட்டது.

இரண்டு செய்திகளும் ஒரே நாளில் வந்தது தற்செயலாகவே இருக்கலாம். ஆனால் தாராவி 90 அடிச் சாலையில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு அதன் விளைவு தற்செயலானது அல்ல. அவர்கள் வீட்டை இடித்துக் கட்டப்போகிற குழுமமும், அதைப் பற்றி அவர்களுக்குச் செய்தி சொல்கிற தொலைக்காட்சிகளில் ஒன்றும் இப்போது ஒரே முதலாளியின் சொத்து.

இதை என்.டி.டி.வி. மறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதானி குழுமம் பற்றிய செய்தியை அதன் இணையதளத்தில் கடைசி வரி வரை படித்தால், அடைப்புக்குறிக்குள் ஓர் அறிவிப்பு இருக்கும். இந்தத் தொலைக்காட்சி, அதானி குழுமத்தைச் சேர்ந்த ஏ.எம்.ஜி. மீடியா நெட்வொர்க்ஸ் நிறுவனத்தின் துணை நிறுவனம் என்று அது சொல்லும். பெரும்பாலான வாசகர்கள் அந்த வரி வரை போவதில்லை. செல்போனில் தலைப்பைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறவர் கண்ணில் அது படுவதே இல்லை. தாராவி பற்றிய செய்தியில் மிக முக்கியமான வரி அதுதான்.

அதற்காக அந்தத் தொலைக்காட்சி சொல்வதெல்லாம் பொய் என்று தள்ளிவிட முடியாது. மழை, ரயில் விபத்து, கிரிக்கெட் பற்றி அது சொல்வதைச் சந்தேகிக்கக் காரணம் ஏதுமில்லை. நம்பகத்தன்மை என்பது ஒரு பத்திரிகைக்கு மொத்தமாகக் கொடுக்கிற சான்றிதழ் அல்ல. விஷயத்துக்கு விஷயம் மாறும். இந்தச் செய்தியில் இந்த ஊடகத்துக்கு லாபமோ நஷ்டமோ உண்டா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அதே கேள்வியை எதிர்த்தரப்பிடமும் கேட்க வேண்டும். 2023 டிசம்பர் 16-ஆம் தேதி சிவசேனா (உத்தவ் அணி) தலைவர் உத்தவ் தாக்கரே தலைமையில் தாராவியிலிருந்து பாந்த்ரா-குர்லா வளாகத்தில் உள்ள அதானி அலுவலகத்தை நோக்கிப் பேரணி நடந்தது. அவருடைய கட்சியின் நாளேடு ‘சாம்னா’. 1988-இல் பால் தாக்கரே தொடங்கியது. இந்தத் திட்டத்தை எதிர்த்து அது எழுதும் தலையங்கம் பத்திரிகையின் கருத்து மட்டுமல்ல, ஒரு கட்சியின் தேர்தல் நிலைப்பாடும்கூட. எந்த ஊடகமானாலும் தன் முதலாளிக்கோ கட்சிக்கோ வலிக்கிற செய்தியைத் துணிந்து போட்டால், அதற்குக் கூடுதல் மதிப்புக் கொடுக்கலாம்.

நம் ஊர் விஷயத்தில் இருக்கும் கூர்மை

ஒரு வகையில் தமிழர்களுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. கலைஞர் தொலைக்காட்சி யாருடையது, மக்கள் தொலைக்காட்சி எந்தக் கட்சிக்கு வேண்டியது, நியூஸ் ஜெ. எந்தப் பக்கம் சாயும் என்று மும்பை செம்பூரில் மூன்றாம் தலைமுறையாக வாழ்கிறவருக்கும் தெரியும். சன் குழுமத்தின் குடும்ப உறவுகள் ஊரறிந்தவை. புதிய தலைமுறை எஸ்.ஆர்.எம். குழுமத்துடையது, நியூஸ் 18 தமிழ்நாடு ரிலையன்ஸ் வசம் இருக்கிறது. முரசொலியைப் படிக்கிறவரும் தீக்கதிரைப் படிக்கிறவரும் எந்தக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறோம் என்று தெரிந்தேதான் பார்க்கிறார்கள். ஒரே பேரணிக்கு ஒரு சேனலில் கூட்டம் அலைமோதும், மறு சேனலில் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். கேமராவை எங்கே வைத்தார்கள் என்று பார்க்கிறவரே சொல்லிவிடுவார்.

சென்னை அரசியலில் இவ்வளவு கூர்மையாக இருக்கும் மும்பைத் தமிழர், தன் சொந்த வார்டு பற்றி ஓர் இந்திச் சேனல் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்கிறார். அந்தச் சேனல் யாருடையது என்று கேட்பதில்லை. சென்னைச் சேனல்களிலோ தாராவி எப்போதாவதுதான் தலைகாட்டுகிறது. வந்தாலும் ‘ஆசியாவின் மிகப்பெரிய குடிசைப்பகுதி’ என்ற பழைய அடைமொழியோடுதான். கராச்சியின் ஒராங்கி அதைவிடப் பெரியது. அந்த அடைமொழியை எழுதுகிற நிருபர்களில் பலர் அதைச் சரிபார்ப்பதில்லை. முன்னால் எழுதியவரைப் பார்த்து எழுதுகிறார்கள்.

ஒரே உத்தரவு, இரண்டு தலைப்பு

சாய்வு என்றாலே பொய் என்று நினைப்பது பெரிய பிழை. பெரும்பாலான சாய்வு, உண்மையில் எதை எடுப்பது, எதை விடுவது என்பதில்தான் இருக்கிறது.

தாராவித் திட்டத்தின் தகுதி விதிகளையே எடுத்துக்கொள்ளலாம். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பிறகு 2011 ஜனவரி 1 வரை வந்தவருக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி வீடு, விலை இரண்டரை லட்சம் ரூபாய். அதற்கும் பிந்தி வந்தவர்களுக்கும் மாடியில் குடியிருப்பவர்களுக்கும் வெளியேதான் வீடு, அதுவும் வாடகைக்கு. பின்னால் பணம் கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளலாம்.

இதற்கு ‘தாராவிவாசிகளுக்கு இலவச வீடு’ என்று தலைப்புப் போடலாம். ‘தாராவியை விட்டு வெளியேற்றப்படுகிறார்கள்’ என்றும் போடலாம். இரண்டும் பொய்யல்ல. ஆனால் கீழே பட்டறையும் மேலே குடித்தனமுமாக அடுக்கடுக்காக வாழும் தாராவியில், மாடியில் இருப்பவர் முதல் தலைப்பை மட்டும் படித்தால் ஏமாந்துபோவார். 1980-களில் வந்து தரைத்தளத்தில் இருப்பவர் இரண்டாவதை மட்டும் படித்தால் வீணாகப் பயப்படுவார். தகுதித் தேதியையும் தளத்தையும் சொல்லாத செய்தி, எந்தப் பக்கம் பேசினாலும், அரைச் செய்திதான்.

பட்டியல் போட்ட பத்திரிகை

இந்த வித்தையை மும்பைத் தமிழர்கள் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அனுபவித்தார்கள். மும்பையின் ‘ஃப்ரீ பிரஸ் ஜர்னல்’ நாளேட்டைத் தொடங்கியவர் எஸ். சதானந்த் என்ற தமிழர். 1934-இல் தினமணியைத் தொடங்கியவரும் அவரே. அதே ஃப்ரீ பிரஸ் ஜர்னலில் கேலிச்சித்திரம் வரைந்துகொண்டிருந்த பால் தாக்கரே, அங்கிருந்து வெளியேறி 1960 ஆகஸ்டில் ‘மார்மிக்’ வார இதழைத் தொடங்கினார். மும்பை நிறுவனங்களிலும் அலுவலகங்களிலும் பதவிகளில் இருந்த தென்னிந்தியர்களின் பெயர்ப் பட்டியல்கள் அதில் வாரம்தோறும் வந்தன. ‘படித்துவிட்டுச் சும்மா இரு’ என்ற தலைப்பில் தொடங்கிய பகுதி, பிறகு ‘படித்துவிட்டு எழு’ என்று மாறியது. 1966 ஜூன் 19-இல் அவருடைய சிவசேனா கட்சி பிறந்தது. ‘மதராசி’களுக்கு எதிரான முழக்கங்களும் உடுப்பி ஓட்டல்கள் மீதான தாக்குதல்களும் தொடர்ந்தன.

பட்டியலில் இருந்தவர்கள் நிஜ மனிதர்கள், பதவிகளும் நிஜம். ஆனால் மற்ற மாநிலத்தவரின் பட்டியல் அங்கே இல்லை. அந்த அலுவலகங்களில் மொத்தம் எத்தனை பேர் வேலை பார்த்தார்கள் என்ற கணக்கும் இல்லை. நகர மக்கள்தொகையில் தென்னிந்தியர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வாரா வாரம் அந்தப் பெயர்களை மட்டும் படித்தவருக்கு நகரமே பறிபோய்விட்டதாகத் தோன்றியது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது செய்திக்குச் செல்லாது. எந்தச் சோற்றை யார் பொறுக்கி எடுத்தார் என்று பார்த்தாக வேண்டும்.

2023 மார்ச்சில் இதே நாடகம் வேடம் மாறி நடந்தது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் கொல்லப்படுகிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. சில இந்தி நாளேடுகளும் அதைச் செய்தியாக்கின. பீகார் சட்டமன்றத்தில் அமளி எழுந்தது. பரவியவற்றில் ஒன்று பீகார் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த தகராறு, இன்னொன்று கோவை ஆட்கள் இருவருக்கு இடையில் நடந்த மோதல் என்று அன்றைய தமிழ்நாடு டி.ஜி.பி. சைலேந்திர பாபு விளக்கினார். பீகார் அரசின் குழு நேரில் வந்து பார்த்தது. காட்சி நிஜம், தலைப்பு பொய். அந்தத் தலைப்பை நம்பிப் பலர் ரயில் ஏறினார்கள்.

விலைக்கு வந்த பக்கங்கள்

முதலாளியும் கட்சியும் போக, மூன்றாவது ஒன்றும் உண்டு: பணம். 2009 மகாராஷ்டிர சட்டமன்றத் தேர்தலின்போது, முதல்வர் அசோக் சவாணைப் புகழும் ஒரே கட்டுரை லோக்மத், புடாரி, மகாராஷ்டிரா டைம்ஸ் என ஒன்றோடொன்று போட்டி போடும் மூன்று மராத்தி நாளேடுகளில் வரிக்கு வரி அப்படியே வந்தது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை ‘தி இந்து’வில் அம்பலப்படுத்தினார். நாளிதழ் விளம்பரத்துக்குச் சவாண் காட்டியிருந்த செலவுக் கணக்கு வெறும் 5,379 ரூபாய். காசு கொடுத்துச் செய்தி போடவில்லை என்று அவர் மறுத்தார். இந்தச் செலவுக் கணக்குக்காக அவர்மீது தேர்தல் ஆணையம் எடுத்த நடவடிக்கையை 2014-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்கு எப்படி முடிந்திருந்தாலும், போட்டிப் பத்திரிகைகளுக்கு ஒரே வாசகம் எப்படி வந்தது என்ற கேள்வி வாசகருக்குப் போதும். இரண்டு நாளேடுகளை அருகருகே வைத்துப் படித்தாலே பிடித்துவிடக்கூடிய தில்லுமுல்லு அது.

தொலைக்காட்சியில் பணம் டி.ஆர்.பி. வழியாக வருகிறது. 2020 அக்டோபரில், பார்வையாளர் கணக்கெடுக்கும் மீட்டர் வைத்த வீடுகளுக்குக் காசு கொடுத்து, குறிப்பிட்ட சேனலை ஓடவிடச் சொன்னார்கள் என்று மும்பை போலீஸ் வழக்குப் போட்டது. சேனல்கள் மறுத்தன, 2024-இல் அரசே வழக்கைத் திரும்பப் பெற்றது. ஆனால் அந்த விவகாரத்தால் நிறுத்தப்பட்ட செய்திச் சேனல்களின் தரவரிசை 2022 மார்ச் வரை வெளிவரவில்லை. அதே 2020-இல் நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் மரணத்தை வைத்துச் சேனல்கள் இரவு பகலாக நடத்திய விசாரணையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவர் எழுதாத ட்வீட்டுகளை அவருடையவை என்று காட்டியதற்காக ஆஜ் தக் சேனலுக்கு ஒரு லட்ச ரூபாய் அபராதம் விழுந்தது. 2021 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம் ரிபப்ளிக், டைம்ஸ் நௌ சேனல்களின் சில ஒளிபரப்புகளை முதல் நோக்கிலேயே நீதிமன்ற அவமதிப்பு என்றது. 2025 மார்ச்சில் சி.பி.ஐ. வழக்கை முடித்து அறிக்கை கொடுத்தது. மாதக்கணக்கில் ‘கொலை’ என்று கூவிய விவாதங்கள் அளவுக்கு அந்த முடிவு ஒலிக்கவில்லை.

வாசகர் கையில் உள்ளவை

முதலாளி யார் என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. 1956-ஆம் ஆண்டுப் பத்திரிகைப் பதிவு விதிகள், ஒவ்வொரு பத்திரிகையும் பிப்ரவரி முடிந்ததும் வரும் முதல் இதழில் ‘படிவம் 4’ என்ற அறிக்கையை வெளியிட வேண்டும் என்றன. உரிமையாளர் யார், ஒரு சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்கள் யார் என்று அதில் இருக்கும். நூலகத்தில் ஏதாவது ஒரு மார்ச் மாத இதழைப் புரட்டினால் பொடி எழுத்தில் கிடைக்கும்.

அடுத்து, செய்தியின் கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்று பார்க்கலாம். ‘வட்டாரங்கள் தெரிவித்தன’ என்பதோடு நிற்கிறதா, அல்லது உத்தரவு எண், தேதி, பேசியவர் பெயர் இருக்கிறதா? குற்றம் சாட்டப்பட்டவரின் பதில் உண்டா? தவறு நேர்ந்தால் திருத்தம் போடுகிறார்களா? 2006-இல் ‘தி இந்து’ வாசகர் ஆசிரியர் என்ற பதவியையே உருவாக்கித் திருத்தங்களை வெளியிடத் தொடங்கியது. தப்பே செய்யாததுபோல் நடந்துகொள்ளும் பத்திரிகையைவிடத் தப்பை ஒப்புக்கொள்ளும் பத்திரிகை நம்பத் தகுந்தது.

அரசு சொன்னால் சரி என்றும் இருந்துவிட முடியாது. தன்னைப் பற்றிய செய்தியில் எது பொய் என்று மத்திய அரசின் உண்மை சரிபார்ப்புப் பிரிவே தீர்மானிக்கலாம் என்ற விதியை, நகைச்சுவைக் கலைஞர் குணால் காம்ரா உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில் 2024 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது.

தமிழ், மராத்தி, இந்தி, ஆங்கிலம் என்று நான்கு மொழி பிடிபடும் மாட்டுங்கா, செம்பூர் வீடுகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஒரே விஷயத்தை வெவ்வேறு முதலாளிகளின் இரண்டு ஊடகங்களில், முடிந்தால் இரண்டு மொழிகளில் பார்க்க அவர்களால் முடியும். இரண்டிலும் பொதுவாக உள்ளதை நம்பலாம். ஒன்றில் மட்டும் இருப்பதைப் பொறுத்திருந்து பார்க்கலாம்.

தவறான செய்தி வந்தால் புகார் கொடுக்கவும் இடமுண்டு. நாளிதழ் என்றால் முதலில் ஆசிரியருக்கு எழுதிவிட்டு, செய்தி வந்த இரண்டு மாதத்துக்குள் இந்தியப் பத்திரிகை மன்றத்துக்குப் போகலாம். மன்றத்தால் கண்டிக்கத்தான் முடியும், தண்டிக்க முடியாது. செய்திச் சேனல் என்றால், அது செய்தி ஒளிபரப்பாளர் சங்கத்தில் உறுப்பினராக இருக்கும்பட்சத்தில், ஒளிபரப்பான ஏழு நாளுக்குள் அந்தச் சேனலுக்கே எழுத வேண்டும். பதில் திருப்தி இல்லையென்றால் சங்கத்தின் தர நிர்ணய ஆணையத்தை அணுகலாம். தாராவி பற்றித் தப்பான செய்தி வந்தால் வாட்ஸ்அப் குழுவில் திட்டித் தீர்ப்பதோடு விட்டுவிடாமல், சேனல் பெயர், தேதி, நேரம் குறித்து அந்த ஏழு நாளுக்குள் எழுதிப் போடுங்கள்.