மொட்டை மாடியில் ஹாட் டப் வைக்கப் போறீங்களா? ஆர்டர் போடும் முன் இந்த எடைக் கணக்கைப் பாருங்கள்

மலைப்பக்கம் ஒரு ரிசார்ட்டில் இரண்டு நாள் தங்கி, குமிழி விடும் வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்துவிட்டு வந்தால், "இதை நம்ம வீட்டு மாடியிலயே வச்சா என்ன?" என்ற எண்ணம் பலருக்கும் வரும். பெங்களூரு, புனே, ஹைதராபாத், குருகிராம் போன்ற நகரங்களில் மொட்டை மாடியோடு விற்கப்படும் பென்ட்ஹவுஸ் வீடுகளுக்கு இந்த ஆசை இன்னும் பக்கத்தில் இருக்கிறது. இணையத்தில் பணம் கட்டினால் டப் வாசலுக்கே வந்துவிடும்.

சிக்கல் வாசலில்தான் தொடங்குகிறது. கேட்டுக்குள் நுழையுமா, லிஃப்டில் ஏறுமா, எந்த ஒயரில் இணைப்பது, தண்ணீரை எங்கே விடுவது? இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வரும் கேள்வி ஒன்று: உங்கள் தளம் அந்த எடையைத் தாங்குமா?

பலரும் இதை ஜக்கூஸி என்றுதான் சொல்கிறார்கள். அது ஒரு நிறுவனத்தின் பெயர். ஹாட் டப் அல்லது ஸ்பா டப் என்பது பொதுப்பெயர்.

ஒரு ஹாட் டப் எவ்வளவு எடை?

விளம்பரத்தில் கண்ணில் படுவது காலி டப்பின் எடை. அதை நம்பி முடிவெடுக்கக் கூடாது. தண்ணீர் 1 லிட்டர் என்றால் 1 கிலோ. ஐந்து பேர் உட்காரக்கூடிய, 2 மீட்டருக்கு 2 மீட்டர் அளவுள்ள டப் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

- காலி டப்: சுமார் 300 கிலோ
- தண்ணீர்: சுமார் 1,200 லிட்டர், அதாவது 1,200 கிலோ
- ஆளுக்கு 70 கிலோ வீதம் ஐந்து பேர்: 350 கிலோ
- மொத்தம்: 1,850 கிலோ

இது இரண்டு சிறிய கார்களின் எடை. அந்த எடை முழுவதும் 4 சதுர மீட்டர் இடத்தில் உட்காருகிறது. வகுத்துப் பார்த்தால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 460 கிலோ. மாடலுக்கு மாடல் எண்கள் மாறும். ஆனால் கணக்குப் போடும் முறை இதுதான்.

தளம் எவ்வளவு தாங்கும்?

கட்டடங்களை எவ்வளவு பாரத்துக்கு வடிவமைக்க வேண்டும் என்பதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 875 என்ற விதித்தொகுப்பு சொல்கிறது. அதன் இரண்டாம் பகுதியில், ஆட்கள், சாமான்கள் போன்ற 'மாறும் பாரம்' எவ்வளவு இருக்கலாம் என்பதற்கான குறைந்தபட்ச அளவுகள் உள்ளன. கிலோ கணக்கில் தோராயமாகச் சொன்னால், ஒரு சதுர மீட்டருக்கு:

- ஆட்கள் ஏறக்கூடிய மொட்டை மாடி: 150 கிலோ
- வீட்டு அறைகள்: 200 கிலோ
- பால்கனி: 300 கிலோ

நம் டப்பின் 460 கிலோ, மொட்டை மாடிக்கான அளவைப் போல மூன்று மடங்கு. பால்கனி என்றாலும் ஒன்றரை மடங்கு.

கால்குலேட்டர் இல்லாமலே நினைவில் வைக்க ஒரு வழி உண்டு. 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால், ஒரு சதுர மீட்டரில் 100 கிலோ பாரம். அதாவது 15 சென்டிமீட்டர் தண்ணீரிலேயே மொட்டை மாடிக்கான கணக்கு தீர்ந்துவிடும். முழங்கால் உயரம்கூட இல்லை.

"காத்தடைக்கிற டப்புதானே, லேசா இருக்கும்" என்பதும் சரியல்ல. அதிலும் டப்தான் லேசு, தண்ணீர் லேசு இல்லை. சுமார் 800 லிட்டர் பிடிக்கும் வட்டமான டப்பில் நாலு பேர் உட்கார்ந்தால், சதுர மீட்டருக்கு 370 கிலோவைத் தொடும்.

"தண்ணி டேங்க்கே நிக்குது, டப் நிக்காதா?"

கடைகளிலும் குடும்பத்திலும் அடிக்கடி கேட்கும் வாதம் இது. 1,000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் பல வீட்டு மாடிகளில் ஆண்டுக்கணக்கில் நிற்கிறது, உண்மைதான். ஆனால் முறையாகக் கட்டிய வீட்டில் டேங்க் வைக்கும் இடத்தை வரைபடத்திலேயே முடிவு செய்திருப்பார்கள். பெரும்பாலும் மாடிப்படி அறைக்கு மேலோ, தூண்களுக்கும் பீம்களுக்கும் மேலோ இருக்கும். பாரம் நேராகத் தூண் வழியே அஸ்திவாரத்துக்கு இறங்கிவிடும். ஹாட் டப்பை நாம் வைப்பதோ காற்றும் காட்சியும் கிடைக்கும் இடத்தில். அது பல நேரம் தளத்தின் நடுப்பகுதி. பாரம் அங்கே விழும்போதுதான் ஸ்லாப் அதிகமாக வளையும்.

"பர்த்டே பார்ட்டிக்கு ஐம்பது பேர் ஏறினாங்களே" என்பது அடுத்த வாதம். ஆட்கள் மாடி முழுக்கப் பரவி நிற்பார்கள், இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடுவார்கள். டப் இறங்காது. ஒரே இடத்தில் தொடர்ந்து இருக்கும் பாரத்தில் கான்கிரீட் மெல்ல மெல்லத் தொய்கிறது. விரிசல் விழுந்து, அதில் ஈரம் இறங்கினால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும்.

வடிவமைப்பில் பாதுகாப்புக்காகக் கூடுதல் வலிமை சேர்த்திருப்பார்களே என்று கேட்கலாம். சேர்த்திருப்பார்கள். ஆனால் அது கட்டுமானக் குறைகளுக்கும் எதிர்பாராத பாரத்துக்குமான கையிருப்பு. தெரிந்தே செலவழிப்பதற்கானது அல்ல. தவிர, வரைபடத்தில் இருக்கும் வலிமை கட்டடத்திலும் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. 2022 பிப்ரவரியில் குருகிராம் செக்டார் 109-ல் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இடிந்து விழுந்து இருவர் இறந்தார்கள். அங்கே காரணம் டப் அல்ல. அந்தக் கட்டடத்தின் கான்கிரீட்டில் குளோரைடு கலந்திருந்ததையும் கம்பிகள் துருப்பிடித்திருந்ததையும் டெல்லி ஐ.ஐ.டி. ஆய்வு கண்டறிந்தது. வெளியே பெயின்ட் நன்றாக இருப்பதை வைத்து உள்ளே இருக்கும் கம்பியை எடைபோட முடியாது என்பதற்கு இது உதாரணம்.

அப்போ மாடியில வைக்கவே முடியாதா?

முடியும். ஆனால் 'தாங்கும்' என்று சொல்ல வேண்டியவர் டப் விற்பவர் அல்ல, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர். அவருக்கு இரண்டு விஷயங்கள் வேண்டும்: கட்டடத்தின் ஸ்ட்ரக்சுரல் வரைபடம், தண்ணீரும் ஆட்களும் சேர்த்து டப்பின் மொத்த எடை. வரைபடம் இல்லையென்றால், கம்பி எங்கே எவ்வளவு இருக்கிறது, கான்கிரீட் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கருவிகளால் சோதிப்பார்கள்.

அவர் சொல்லக்கூடிய தீர்வுகள் பொதுவாக மூன்று. டப்பைத் தூண்களுக்குப் பக்கமாக நகர்த்துவது. இரும்பு பீம்களைத் தூணிலிருந்து தூணுக்குப் போட்டு, பாரம் ஸ்லாபில் விழாமல் செய்வது. அல்லது சிறிய டப்புக்கு மாறுவது. எதுவானாலும் எழுத்தில், கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

தனி வீடு என்றால் தரையில் வைப்பதே நல்லது. மண்ணை நன்றாக இறுக்கி, மேலே சுமார் 10 சென்டிமீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் தளம் போட்டு, மட்டம் பார்த்துவிட்டால் போதும். மோட்டார் இருக்கும் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து ரிப்பேர் பார்க்க இடம் விட மறக்காதீர்கள்.

மாடியில் இன்னொரு ஆபத்தும் உண்டு: கைப்பிடிச் சுவர். அது பொதுவாக 1 மீட்டர் அளவில்தான் இருக்கும். டப்பின் உயரமே 90 சென்டிமீட்டர் வரை வரும். இரண்டையும் ஒட்டி வைத்தால், டப்பின் விளிம்பில் ஏறும் குழந்தைக்குச் சுவர் இல்லாதது போலத்தான்.

அபார்ட்மென்ட்டில் யாரிடம் கேட்க வேண்டும்?

2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெரா, பொதுப் பகுதிகளின் பட்டியலில் மொட்டை மாடியையும் சேர்த்திருக்கிறது. எனவே மேல் தளத்தில் வீடு வாங்கியதாலேயே மாடி உங்களுடையது ஆகிவிடாது. விற்பனைப் பத்திரத்தில் 'தனிப் பயன்பாட்டுக்கான திறந்த மாடி' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தாலும் அந்த ஸ்லாப் கீழ்வீட்டுக்காரரின் கூரையும்கூட. சங்கத்தின் அனுமதியை எழுத்தில் வாங்குவது பிற்காலச் சண்டையைத் தவிர்க்கும்.

அதே சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறைகளைக் கட்டுநர் சரிசெய்ய வேண்டும். அனுமதியில்லாமல் நீங்கள் ஏற்றிய பாரத்தைக் காரணம் காட்டி அவர் கைவிரிக்க வாய்ப்பு கொடுக்காதீர்கள்.

லாரியிலிருந்து இடம் வரை எப்படிக் கொண்டுபோவது?

டப்பைப் பக்கவாட்டில் நிறுத்தித்தான் நகர்த்துவார்கள். அப்போது 90 சென்டிமீட்டர் அதன் அகலமாகவும், 2 மீட்டர் உயரமாகவும் ஆகிவிடும். டிராலியின் உயரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். தெரு முனை, கேட், பக்கவாட்டுச் சந்து, ஏ.சி. அவுட்டோர் யூனிட், சன்ஷேடு, படிக்கட்டுத் திருப்பம் என்று வழி முழுவதையும் டேப் பிடித்து அளந்து, மிகக் குறுகலான இடத்தின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

லிஃப்டை நம்ப வேண்டாம். நம் ஊர் 8 பேர் லிஃப்ட் 544 கிலோ வரை தூக்கும், எடை பிரச்னை இல்லை. 2 மீட்டர் டப் அதற்குள் நுழையாது என்பதுதான் பிரச்னை. எனவே மாடிக்கு என்றால் கிரேன். தெருவில் மேலே மின்கம்பி போகிறது என்றால், மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி சப்ளையை நிறுத்தாமல் கிரேனை நெருங்க விடக் கூடாது. கிரேன் வாடகை டப்பின் விலையில் அடங்குமா, இறக்கும்போது அடிபட்டால் யார் பொறுப்பு என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

மின்சாரமும் தண்ணீரும்

1,200 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி செல்சியஸிலிருந்து 38 டிகிரிக்குச் சூடாக்கச் சுமார் 18 யூனிட் மின்சாரம் தேவை. 2 கிலோவாட் ஹீட்டர் என்றால் 9 மணி நேரம், 3 கிலோவாட் என்றால் 6 மணி நேரம். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தால் முதல் சூடேற்றத்துக்கு 144 ரூபாய். தினமும் சூட்டைத் தக்கவைக்கும் செலவு தனி. நல்ல மூடி இருந்தால் அது கணிசமாகக் குறையும்.

ரூபாயைவிட முக்கியம் பாதுகாப்பு. டப்புக்கு மீட்டர் போர்டிலிருந்து தனி லைன், சரியான எர்த்திங், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மூன்றும் கட்டாயம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. ஸ்விட்ச், தண்ணீரில் இருப்பவரின் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும். கரன்ட் பில்லில் உள்ள அனுமதிக்கப்பட்ட மின்பளுவைப் பாருங்கள், ஏ.சி., கீசரோடு டப்பும் சேர்ந்தால் அதை உயர்த்த வேண்டியிருக்கலாம். இறக்குமதி மாடல் என்றால் நம் ஊர் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் ஊரையும் பார்க்க வேண்டும். நகர்ப்புறத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது திட்டமிடலில் பயன்படுத்தப்படும் அளவு. ஒரு டப் தண்ணீர், கிட்டத்தட்ட 9 பேரின் ஒரு நாள் தேவை. 2024 மார்ச்சில் கடும் தட்டுப்பாடு வந்தபோது, கார் கழுவவும் நீச்சல் குளத்துக்கும் குடிநீரைப் பயன்படுத்த பெங்களூரு குடிநீர் வாரியம் தடை விதித்தது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்றும் அறிவித்தது. தண்ணீரைப் பொதுவாக மூன்று, நான்கு மாதங்களுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். போர், டேங்கர் தண்ணீரின் உப்பு ஹீட்டரில் படியும் என்பதால் கடினத்தன்மையைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

மாற்றும்போது அந்த 1,200 லிட்டர் எங்கே போகும்? பல வீடுகளில் மாடிக் குழாய் மழைநீர் சேகரிப்புக் குழிக்குப் போகிறது. குளோரின் கலந்த தண்ணீரை அதில் விடக் கூடாது. கழிவுநீர்க் குழாய்க்குத் தனி வழி வேண்டும்.

முன்பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

- தண்ணீரும் ஆட்களும் சேர்த்து மொத்த எடை எவ்வளவு?
- இன்ஜினீயரின் கடிதம், சங்கத்தின் அனுமதி கையில் இருக்கிறதா?
- இன்ஜினீயர் 'முடியாது' என்றால் பணம் திரும்பக் கிடைக்குமா?
- வழியின் மிகக் குறுகலான இடத்தில் டப் நுழையுமா? கிரேன் செலவு யாருடையது?
- மின்சார வேலையை லைசென்ஸ் பெற்றவர் செய்கிறாரா?
- பூட்டக்கூடிய மூடி சேர்ந்து வருகிறதா?

கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். வீட்டில் குழந்தை இருந்தால் அதுதான் தினசரிப் பாதுகாப்பு. சூடு 40 டிகிரியைத் தாண்டக் கூடாது; கர்ப்பிணிகளும் இதயநோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டே இறங்க வேண்டும்.

இந்தப் பட்டியலில் முதல் இரண்டுக்கும் பதில் கிடைக்காதவரை மற்றவற்றுக்கு அவசரமில்லை. லாரி வந்து நின்ற பிறகு, வேண்டுமானால் கேட்டை அகலப்படுத்தலாம், ஒயரை மாற்றலாம். ஸ்லாபை மாற்ற முடியாது.