காலைப்பசியும் சர்க்கரையும் – 11: அல்வாச் சக்கையில் ஒரு ரொட்டி

போன வாரம் இட்லியை நாலிலிருந்து இரண்டாக்கி, சாம்பாரில் காயைக் கூட்டியதோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் பிரெட். வெள்ளையா பிரவுனா, பாக்கெட்டின் பின்பக்கத்தை எப்படிப் படிப்பது என்று வரிசையாகச் சொல்வதாக இருந்தேன். படிக்கப் போன இடத்தில் அப்போலினேர் பூஷார்தா என்ற பிரெஞ்சுக்காரர் அகப்பட்டார். அவரை விட்டுவிட்டு ஒரு துண்டு பிரெட்டைக்கூடத் தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அதற்கு முன் நம் ஊர்க் கணக்கு. தமிழ்நாட்டு வீடுகளுக்குள் பிரெட் வந்ததே நோயாளிச் சாப்பாடாகத்தான். காய்ச்சல் என்றால் பன்னும் பாலும். ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால் சாத்துக்குடியோடு ஒரு பிரெட் பாக்கெட். அதனால் ‘சுகர்’ என்று தெரிந்ததும் சோற்றையும் இட்லியையும் விட்டு பிரெட்டுக்கு மாறினால் பத்தியம் இருப்பதாகவே பலருக்கும் நினைப்பு. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். “டாக்டர் அரிசியக் குறைக்கச் சொல்லிட்டார் தம்பி. காலையில நாலு பிரெட்டோட சரி. கோதுமைதானே?” என்றார். “ஐயா, வெறும் பிரெட்டா?” என்று கேட்டேன். “ஜாம் லேசாத் தடவிக்குவேன். கூட ஒரு டீ.”

கடையில் விற்கும் பிரெட்டில் ஒரு துண்டு 25 முதல் 30 கிராம் வரை இருக்கும். அதில் ஏறக்குறைய பாதி மாவுச்சத்து. நாலு துண்டு என்றால் 50, 60 கிராம். ஜாமையும் டீயில் போட்ட சர்க்கரையையும் சேர்த்தால் 75-ஐத் தொட்டுவிடும். சர்க்கரை நோய் இருக்கிறதா என்று பார்க்க லேபில் வெறும் வயிற்றில் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுக்கிறார்களே, அதன் அளவும் 75 கிராம்தான். ஐயா அந்தப் பரிசோதனையைத் தினமும் காலையில் வீட்டிலேயே செய்துகொண்டிருக்கிறார். மருந்து என்று நம்பிச் சாப்பிடுகிறார் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இனி பூஷார்தா. பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர். பாரிஸின் பழம்பெரும் ஆஸ்பத்திரியான ஓத்தெல்-தியூவில் தலைமை மருந்தாளர். பின்னாளில் மருத்துவப் பேராசிரியர். இன்சுலின் மனித உடம்பில் முதலில் ஏற்றப்பட்டது 1922-ல். மாத்திரைகள் அதற்கும் பிந்தியவை. பூஷார்தாவின் காலத்தில் சர்க்கரை நோய்க்குச் சாப்பாட்டைத் தவிர உருப்படியான மருந்து கிடையாது. மாவுப்பண்டத்தைக் குறைத்தால் சிறுநீரில் சர்க்கரை குறைகிறது என்பதைக் கண்டுகொண்டார். ஆனால் பிரெஞ்சுக்காரரிடம் ரொட்டியை விடு என்று சொல்லிவிட்டு எந்த வைத்தியரும் கரையேற முடியாது. 1841-ல் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார்: மாவுச்சத்தைக் கழுவி எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் புரதத்தில் ரொட்டி சுடுவது. குளூட்டன் ரொட்டி என்று அதற்குப் பெயர். சர்க்கரை நோயாளிக்கென்றே செய்யப்பட்ட முதல் ரொட்டிகளில் அது ஒன்று.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு கை மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு தண்ணீருக்குள் வைத்துக் கசக்குங்கள். தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும். கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர். நாலைந்து தரம் ஆனதும் தண்ணீர் தெளிந்துவிடும். கையில் சாம்பல் பூத்த நிறத்தில், இழுத்தால் ரப்பராக நீளும் ஒரு சிறு உருண்டை மிஞ்சும். அதுதான் குளூட்டன். இத்தாலியின் பொலோன்யா நகரத்தில் பெக்காரி என்ற அறிஞர் பூஷார்தாவுக்கு நூறாண்டு முன்பே இதைச் செய்து காட்டிவிட்டார்.

கசக்கும்போது ஓடும் அந்தப் பாலைத் திருநெல்வேலிக்காரர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். சம்பாக் கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து எடுக்கும் பால் அது. அந்தப் பாலும் சர்க்கரையும் நெய்யும் சேர்ந்தால் அல்வா. பிழிந்த சக்கை மாட்டுத் தொட்டிக்கு. குளூட்டன் அந்தச் சக்கையில்தான் தவிட்டோடு தங்கிவிடுகிறது. அல்வாக்காரர் வேண்டாம் என்று ஒதுக்குவதில் இருந்துதான் பூஷார்தா ரொட்டி சுட்டார். அவர் வேண்டாம் என்று கொட்டியதில்தான் நெல்லை இருட்டுக்கடை அல்வாக் கடை வாசலில் கூட்டம் நிற்கிறது. இந்த வாரம் முழுக்க எதிர்ப்பட்டவர்களிடம் எல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரே கோதுமைக்குள் இரண்டும் இருக்கின்றன. “கோதுமைதானே?” என்ற தமிழாசிரியரின் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குக் கிடைக்கவில்லை. மைதாவில் தவிடும் முளையும் நீங்கி, பெருமளவு அந்தப் பாலின் சரக்குதான் இருக்கிறது.

பூஷார்தாவின் கதை அங்கே முடியவில்லை. 1870 செப்டம்பரில் பிரஷ்யப் படை பாரிஸைச் சுற்றி வளைத்தது. நகருக்குள் குதிரையையும் எலியையும் தின்றார்கள். விலங்குக் காட்சிசாலையில் இருந்த காஸ்டர், போலக்ஸ் என்ற இரண்டு யானைகளும் கறிக்கடைக்குப் போயின. 1871 ஜனவரியில் பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு 300 கிராம் ரொட்டி என்று பங்கீடு வந்தது. அதிலும் தவிடு, ஓட்ஸ், அரிசி, வைக்கோல் என்று என்னென்னவோ கலந்திருந்தன. ஊரே வாடிக்கொண்டிருந்த அந்த மாதங்களில் தன் சர்க்கரை நோயாளிகள் சிலருடைய சிறுநீரில் சர்க்கரை மறைந்துவிட்டதைப் பூஷார்தா கவனித்தார். பட்டினியைச் சிகிச்சையாக்கும் கொடுமை அல்ல இங்கே விஷயம். எந்த ரொட்டி என்பதோடு எவ்வளவு ரொட்டி என்பதும் அவருக்கு அப்போது கண்ணெதிரே தெரிந்தது. குறைவாகச் சாப்பிடு, உடம்பை அசைத்து வேலை செய் என்று அவர் கறாராகச் சொன்னவர்.

எனக்கு அவரிடம் பிடித்தது இன்னொன்று. நோயாளி தன் சிறுநீரைத் தானே தினமும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தினார். நம் வீடுகளிலும் குளுக்கோமீட்டருக்கு முன் அந்தப் பழக்கம் இருந்தது. என் பெரியப்பா கொல்லைப்புறத் திண்ணையில் உட்கார்ந்து, சோதனைக்குழாயில் 5 மில்லி நீலநிற பெனடிக்ட் திரவம் ஊற்றி, 8 சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவார். நீலம் அப்படியே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி செங்கல் சிவப்பாகிவிட்டால், “நேத்து பெரியம்மா போட்ட அதிரசம்டா” என்பார். எதைத் தின்றால் என்ன நிறம் வரும் என்று அவருக்கு மனப்பாடம்.

இன்றைய ஆராய்ச்சி என்ன சொல்கிறது? 1981-ல் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸும் குழுவினரும் உணவு எவ்வளவு வேகமாகச் சர்க்கரையை ஏற்றுகிறது என்று அளந்து, குளுக்கோஸுக்கு 100 என்று வைத்து மற்றவற்றுக்கு எண் கொடுத்தார்கள். 2008-ல் வந்த உலகளாவிய பட்டியலில் வெள்ளை பிரெட்டின் சராசரி 75. முழுக்கோதுமை பிரெட்? 74. முழுக்கோதுமையில் நார்ச்சத்தும் தாதுக்களும் கூடுதல், அதற்காக அதை வாங்கலாம். ஆனால் அதையும் நைஸாக அரைத்துவிட்டால் ரத்தத்தில் ஏறும் வேகம் அதிகம் குறைவதில்லை. பல்லில் கடிபடும்படி முழுத் தானியமாகக் கிடக்கும் பிரெட்தான் அந்தப் பட்டியலில் கணிசமாகக் கீழே, 53-ல் இருக்கிறது. நிறத்தைப் பார்த்து வாங்குவதில் பயனில்லை.

பிரிட்ஜில் வைத்து டோஸ்ட் பண்ணினால் சர்க்கரை ஏறாது என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. ஏறாது என்பது பொய். குறைகிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. 2008-ல் ஆக்ஸ்போர்டு புரூக்ஸ் பல்கலைக்கழகத்தில், நோயில்லாத பத்துப் பேருக்கு வீட்டில் சுட்ட வெள்ளை பிரெட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். டோஸ்ட் செய்ததில் 25 சதவீதமும், ஃபிரீசரில் உறையவைத்து எடுத்ததில் 31 சதவீதமும், உறையவைத்துப் பின் டோஸ்ட் செய்ததில் 39 சதவீதமும் சர்க்கரை ஏற்றம் குறைந்தது. ஆறும்போது மாவுச்சத்து இறுகி, செரிக்கக் கடினமாவதுதான் காரணம். சின்ன ஆய்வு, இதை நம்பி ரெண்டு துண்டை நாலாக்கிவிடாதீர்கள்.

வரிசை மாற்றிச் சாப்பிடுவதும் நல்ல உதவி. 2015-ல் நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில், மெட்ஃபார்மின் எடுக்கும் 11 நோயாளிகளுக்கு ஒரே சாப்பாட்டை ஒரு வார இடைவெளியில் இரண்டு தரம் கொடுத்தார்கள். ஒருநாள் ரொட்டியும் ஆரஞ்சுச் சாறும் முதலில். 15 நிமிடம் கழித்துக் கோழியும் காயும். இன்னொரு நாள் தலைகீழாக. காயும் கோழியும் முதலில் வந்த நாளில் ஒரு மணி நேரச் சர்க்கரை சுமார் 37 சதவீதம் குறைவு. நம் காலைக்கு இதைக் கொண்டுவருவது சுலபம்: முதலில் ஒரு அவித்த முட்டை அல்லது ஒரு கிண்ணம் சுண்டல், கூடவே வெள்ளரியும் தக்காளியும். பிறகுதான் பிரெட், அதுவும் இரண்டு துண்டு. ஜாம் வேண்டாம். டீயில் சர்க்கரை வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் பிரெட்டைத் திடீரென்று பாதியாக்கக் கூடாது, சர்க்கரை தாழ்ந்துவிடும். அப்படித் தாழ்ந்து வியர்த்துக் கை நடுங்கும்போது பிரெட்டைத் தேடவும் கூடாது. அந்த நேரத்துக்கு அது தாமதம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி சோதியுங்கள்.

லேபிள் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகிறது. சேர்மானங்கள் எடை வரிசையில் அச்சாகின்றன, முதலில் இருப்பதுதான் அதிகம் என்பதை மட்டும் இப்போதைக்கு நினைவில் வையுங்கள். பிரவுன் பிரெட்டில் கேரமல் நிறம் ஏன் வருகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அதற்குள் ஒன்று செய்யுங்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், ஒருநாள் நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் பிரெட்டுக்கு முன்பும், முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்தும் பாருங்கள். இன்னொரு நாள் முட்டையையோ சுண்டலையோ முந்தவிட்டு அதே அளவு பிரெட் சாப்பிட்டுப் பாருங்கள். இரண்டு மணி நேர அளவு பெரும்பாலானவர்களுக்கு 180-க்குள் நிற்க வேண்டும். உங்களுக்கான இலக்கை உங்கள் டாக்டர் சொல்வார். நாலு எண்களையும் ஒரு தாளில் குறித்து அவரிடம் காட்டுங்கள், எனக்கும் எழுதுங்கள்.