உடல் எடையும் உள்ளங்காலும்: ஒரு கணக்கு

முதல்ல ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் பாதத்தில் இறங்கும் விசை, உடல் எடையைப் போல ஏறக்குறைய 1.2 மடங்கு. ஒரு நாளைக்கு 6000 அடி நடந்தால் ஒரு காலுக்கு 3000. எல்லா அடியையும் கூட்டினால் 70 கிலோ ஆளின் ஒரு கால் தாங்குவது 252 டன். 100 கிலோ ஆளுக்கு 360 டன். எடை கூடும்போது பாதமும் கொஞ்சம் தட்டையாகி அகலும்தான், ஆனால் எடை கூடின அளவுக்கு அகலாது. அதனால் குதிகாலிலும் விரல்களுக்குக் கீழே உள்ள மேட்டிலும் அழுத்தம் ஏறிவிடும்.

காலையில் எழுந்து வைக்கிற முதல் அடியில் குதிகால் சுருக்கென்று குத்துதா? குதிகாலில் இருந்து விரல் வரை ஓடும் தடித்த நார்ப்பட்டை இழுபட்டு நொந்துபோனதன் அடையாளம் பெரும்பாலும் அதுதான். கெண்டைக்காலை நீட்டி இழுக்கும் பயிற்சி, குதிகாலில் மெத்தென்ற செருப்பு, வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காமல் இருப்பது, இவ்வளவுதான் வைத்தியம். பலருக்கு மாசக்கணக்கில் ஆகும், ஆனா சரியாயிரும்.

வலிக்கிற காலைப் பற்றி எனக்குப் பெரிய பயம் இல்லை. பயமெல்லாம் வலிக்காத காலைப் பற்றித்தான்.

எடை கூடினவர்களுக்கு சர்க்கரை வர வாய்ப்பு அதிகம். சர்க்கரை பல வருஷம் கட்டுக்குள் இல்லாமல் இருந்தால் பாத நரம்புகள் மரத்துப்போகும். இதைப் புரிய வைத்தது நம்ம ஊர் ஆய்வுதான். 1914இல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து தொழுநோயாளிகளைக் கவனித்தார். விரல்கள் நோயால் அழுகி விழுவதாக எல்லாரும் நினைத்திருந்த காலம் அது. வலி தெரியாததால் சுட்டும் வெட்டியும் அழுந்தியும் ஏற்படும் காயங்களே காரணம் என்று அவர் காட்டினார். பிறகு அமெரிக்காவின் கார்வில் போய், அதே பாடத்தை சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் பொருத்தினார். ஒரே ஒரு பெரிய அடியை விட, ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான தடவை விழும் சின்ன அழுத்தம்தான் புண்ணை உண்டாக்குது என்பது அவர் சொன்னதில் முக்கியமானது. மேலே போட்ட கணக்கை இதோடு சேர்த்துப் பாருங்க.

புண் வருவதற்கு முன்னாலேயே அந்த இடம் சூடாகும். ராத்திரி புறங்கையால் இரண்டு பாதத்தையும் தொட்டுப் பாருங்க. ஒரு இடம் மட்டும் மற்ற காலை விடச் சூடாக இருந்தால் அந்தக் காலுக்கு ஓய்வு கொடுத்து டாக்டரிடம் காட்டணும். குனிய முடியவில்லை, வயிறு இடிக்குது என்பவர்கள் தரையில் ஒரு முகக்கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்க்கலாம். இல்லேன்னா வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லலாம், இதில் வெட்கம் எதுக்கு? உணர்ச்சி இருக்கிறதா என்று தெரிய டாக்டர்கள் 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பார்கள். இரண்டு நிமிஷ வேலை. வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேட்டுச் செய்துகொள்ளணும்.

நம்ம பக்கம் குதிகால் வலிக்கு செங்கல்லைச் சுட வைத்து, எருக்கிலை போட்டு ஒத்தடம் கொடுப்பார்கள். உணர்ச்சி உள்ள காலுக்குச் சூடு தாங்கலைன்னா உடனே இழுத்துக்கலாம். மரத்த கால் இழுக்காது, வெந்துபோகும். கால் ஆணியை பிளேடால் சீவுவதும் அப்படித்தான், வேண்டவே வேண்டாம்.

ஜூன், ஜூலை சாரல் சீசனில் விரலிடுக்கு ஈரமாகவே இருந்து சேற்றுப்புண் வரும். பாதம் பருத்தவர்களுக்கு விரல்கள் நெருக்கிக்கொண்டு இருப்பதால் இன்னும் சுலபமாக வரும். அருவியில் குளித்ததும் இடுக்கைத் துணியால் ஒற்றி எடுங்க. வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம், இடுக்கில் மட்டும் தடவாதீங்க.

செருப்பைச் சாயங்காலம் வாங்குங்க, கால் வீங்கியிருக்கும் அளவுக்குச் சரியாக அமையும். மரத்த காலுக்கு எம்.சி.ஆர். செருப்பு நல்லது, கட்டை விரலால் அழுத்தினால் அமுங்கணும், ஆனால் அடிவரை போய்த் தட்டக் கூடாது. பின்னால் வார் இருக்கட்டும். போடும் முன் உள்ளே கையை விட்டு ஒரு தடவு தடவிப் பாருங்க, ஒரு கூழாங்கல் போதும்.

கோயில்தான் சிக்கல். சித்திரை வெயிலில் தோரணமலைப் படியோ பிராகாரக் கல்லோ மரத்த காலைச் சுட்டுக் கொப்பளிக்க வைத்துவிடும், ஆளுக்குத் தெரியவே தெரியாது. விடியற்காலையில் போய் வெயில் ஏறும் முன் இறங்கிவிடுங்க. தடித்த பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு ஏறினால் முருகன் ஒன்றும் கோவித்துக்கொள்ள மாட்டான்.