நம் வசவுகளில் பெண்



கோபத்தில் நம் வாயில் வரும் சொற்களைச் சற்று எண்ணிப் பார்ப்போம். ஓர் ஆணைத் திட்டும்போது அவன் தாயையும் சகோதரியையும் இழுக்கிறோம். அழுகிற சிறுவனிடம், ‘என்னடா, பொம்பளைப் பிள்ளை மாதிரி’ என்கிறோம். பயந்து ஒதுங்குகிறவனைச் சேலை கட்டிக்கொள்ளச் சொல்கிறோம். துணிந்து நிற்கும் பெண்ணையோ, ‘ஆம்பளை மாதிரி’ என்று புகழ்கிறோம். ஆண் என்றால் பாராட்டு, பெண் என்றால் ஏளனம்.

இச்சொற்கள் ஏற்கெனவே உள்ள இழிவைக் காட்டும் கண்ணாடியா, அந்த இழிவை வளர்க்கும் உரமா? இரண்டும்தான்.

‘கம்மனாட்டி’ என்னும் வசவின் பொருள் கைம்பெண் என்பதே. கணவனை இழந்தவளை அபசகுனம் என்று மங்கல நிகழ்ச்சிகளிலிருந்து ஒதுக்கிவைத்த சமுதாயம், அவளுடைய துயரத்தின் பெயரையே திட்டாக்கியது. இங்கே சொல் கண்ணாடி.

இன்று பலர் பொருள் தெரியாமலே அதைச் சொல்கிறார்கள். ‘அப்படியானால் யாருக்கு என்ன நட்டம்?’ என்று கேட்கலாம். திண்ணையில் அமர்ந்திருக்கும் கைம்பெண்ணுக்குப் பொருள் தெரியும். சொல்லும் சிறுவனுக்கும் ஒருநாள் தெரியவரும். அதற்குள், அது இழிவான ஒன்று என்பது அவன் மனத்தில் பதிந்துவிட்டிருக்கும். இங்கே சொல் உரம்.

2023 ஆகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றம் நீதிபதிகளுக்காக ஒரு கையேட்டை வெளியிட்டது. பெண்ணின் ஒழுக்கத்தைப் பழிக்கும் பல சொற்களைக் குறிப்பிட்டு, அவற்றுக்குப் பதிலாகப் ‘பெண்’ என்றே எழுதும்படி அது கூறுகிறது. சொல் சாய்ந்தால் சிந்தனை சாயும்; சிந்தனை சாய்ந்தால் நீதியும் சாயும். நீதிமன்றத்துக்குப் பொருந்துவது நம் வீட்டு முற்றத்துக்கும் பொருந்தும்.

கடவுளைப் போற்றும் அதே நாவால், அவரது சாயலில் படைக்கப்பட்டவர்களைப் பழிப்பது முறையா என்று யாக்கோபு தம் திருமுகத்தின் 3ஆம் அதிகாரத்தில் கேட்கிறார். நயின் ஊரில் ஒரே மகனைப் பறிகொடுத்த கைம்பெண்ணைக் கண்டு நம் ஆண்டவர் மனமிரங்கினார். அவர் இரங்கிய நிலையை நாம் வசவாக்கலாமா?

கோபம் வரும், கண்டிக்கவும் வேண்டியிருக்கும். அப்போது செய்த தவற்றைச் சொல்லிக் கண்டிப்போம். ‘பொய் சொன்னாய்’, ‘கடனைத் திருப்பித் தரவில்லை’ என்று நேராகச் சொல்வோம். அவன் தவற்றில் பங்கில்லாத தாயை விட்டுவிடுவோம். நம் பிள்ளைகள் இந்த வசவுகளைப் பெரும்பாலும் நம்மிடமிருந்தே கற்கிறார்கள். அவற்றை விட்டுவிடவும் நம்மிடமிருந்தே கற்கட்டும். ஆமென்.