முன்பணம் யார் கொடுத்தது?

ஆரணிப் பக்கம் காலனியில் தறி போட்ட வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். பாவும் ஊடையும் பட்டு முதலாளி தந்தவை, முன்பணமும் அவருடையதே. அது கழியும்வரை வேறு முதலாளிக்கு நெய்வது லேசில்லை. இந்தக் கட்டு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

கோடிக்கணக்கான செல்போன், வங்கிப் பதிவுகளைக் கணினியில் சேர்த்துச் சமூகத்தை ஆராய்வதைப் பெருந்தரவு என்கிறார்கள். பதிவே ஆகாத நம் கடன் அதில் எப்படித் தெரியும்?

கேட்டால்தான் தெரியும். பிரிட்டன் ஆய்வாளர் பார்பரா ஹாரிஸ்-வைட் 1973 முதல் பல முறை ஆரணி வந்து, கடை கடையாகக் கணக்கெடுத்தார். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்த ஆய்வாளர்கள் 2016-17இல் கடலூர், விழுப்புரம் பக்கம் 10 கிராமங்களில், கடன் தந்தவர் யார், என்ன சாதி என்றே கேட்டார்கள். ஆளைப் புள்ளியாக, கொடுக்கல் வாங்கலைக் கோடாக வரைவதே வலைப்பின்னல் ஆய்வு. காலனியில் தொடங்கும் கோடு எந்தத் தெருவில் முடிகிறது என்பது அதில் பளிச்சென்று தெரியும்.

நம் கல்லூரிப் பிள்ளைகள் தங்கள் தெருவிலேயே இதைச் செய்யலாம். நோட்டில் பெயர் எழுதாதீர்கள். எண் மட்டும் போடுங்கள். முதலாளி கண்ணில் பட்டால் அந்த வீட்டுக்கு அடுத்த பாவு வராமல் போகலாம்.